மாத்திரைச் சீட்டுக்கு முன் பத்து நிமிடம்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டபோது, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரைகள் வீடு தேடி வரும் என்று அறிவித்தார்கள். நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் அந்தப் பட்டியலில் இருந்தன, தைராய்டு இல்லை. வாழ்நாள் முழுவதும் தினம் ஒரு மாத்திரை என்ற வகையில் எங்கள் நோயும் அவற்றின் இனம்தான் என்பதால், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதே இம்மடலின் நோக்கம் எனத் தாங்கள் எண்ணக்கூடும். அதையும் கேட்கத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தவர்கள் எடுக்கும் தைராக்சின் மாத்திரை விலை மலிவு. எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைத்துவிடும். அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் எங்களுக்குக் கிடைக்காமலே போவது, இந்த நோய்க்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றில் எனக்கு எது பொருந்தும், இப்போதே தொடங்கத்தான் வேண்டுமா என்று உட்கார்ந்து கேட்டுத் தெளிவதற்கான பத்து நிமிடம்தான்.

நான் நாமக்கல் மாவட்டத்தில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. கிரேவ்ஸ் நோய் எனப்படும் தைராய்டு மிகைச் சுரப்பில் என் கதை தொடங்கியது. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குப் பிறகு சுரப்பி ஓய்ந்துபோய், இப்போது பல ஆண்டுகளாகத் தைராக்சின் மாத்திரையில் நலமாக இருக்கிறேன். என் தங்கைக்குத் தைராய்டு குறைவு. அண்ணன் மகளுக்குக் கழுத்தில் கட்டி. ஆகவே இந்த நோயின் மூன்று முகங்களையும் எங்கள் வீட்டிலேயே பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். மருத்துவம் படித்தவள் அல்லள். இங்கே நான் சொல்லும் மருத்துவச் செய்திகள் தங்கள் துறையின் வல்லுநர்களுக்குப் புதியவை அல்ல. அவை நோயாளியின் காதுவரை வந்து சேர்வதில்லை என்பதே என் முறையீடு.

சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருப்பதாகக் கண்டது. பத்தில் ஒருவருக்கு மேல் என்றால், ஒரு நியாயவிலைக் கடை வரிசையிலேயே சிலர் இருப்பார்கள் என்று பொருள். இவர்கள் போக, ஏறத்தாழ எட்டு விழுக்காட்டினருக்கு அதே ஆய்வு கண்டது முழுமையான குறைவு அல்ல, அதன் எல்லைக்கோட்டு நிலை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைச் சுரக்கச் சொல்லி அனுப்பும் ஹார்மோன்தான் டி.எஸ்.எச். தைராய்டு சற்றுப் பின்தங்கினால் டி.எஸ்.எச். ஏறும், ஆனால் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான டி4-இன் அளவு சரியாகவே இருக்கும். ஆறு, ஏழு என்று டி.எஸ்.எச். வந்த சோதனைத் தாளோடு மருத்துவரிடம் போகிற பெண்ணுக்கு இரண்டு நிமிடத்தில் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை எழுதப்படுகிறது. ‘எவ்வளவு நாளைக்கு டாக்டர்?’ என்று கேட்டால், ‘ஆயுசுக்கும்’ என்று பதில் வருகிறது.

இந்த ‘ஆயுசுக்கும்’ என்ற தீர்ப்பைத்தான் துறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். காய்ச்சலோ வேறு நோயோ வந்து தேறும் காலத்தில் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறுவது உண்டு. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால் கணிசமானோருக்கு இயல்புக்குத் திரும்பியிருக்கும். வயது ஏற ஏற டி.எஸ்.எச். சிறிது கூடுவதும் இயற்கையே. ஐரோப்பாவில் 65 வயதைக் கடந்த, எல்லைக்கோட்டு நிலையில் இருந்த 737 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், பாதிப்பேருக்குத் தைராக்சினும் மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். தைராக்சின் எடுத்தவர்களின் டி.எஸ்.எச். இறங்கியது, அவர்களுடைய அசதியும் மற்ற தொந்தரவுகளும் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறையவில்லை. இதையும் இதுபோன்ற பிற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், இந்நிலையில் உள்ள பெரியவர்களுக்குப் பொதுவாக ஹார்மோன் மாத்திரை தர வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள், டி.எஸ்.எச். 20-ஐத் தாண்டியவர்கள், கடுமையான தொந்தரவு உள்ளவர்கள், இளவயதினர் சிலர் ஆகியோருக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்பதையும் அந்தக் குழுவே சொல்லிவிட்டது. பத்தைத் தாண்டினாலே மாத்திரை தொடங்கலாம் என்று கூறும் வழிகாட்டு நெறிகளும் உள்ளன. இடையில் இருப்பவருக்கு முடிவு எடுக்கும் இடம் உண்டு என்பதும், அந்த இடம் நோயாளிக்கு மறுக்கப்படுகிறது என்பதுமே என் கருத்து.

இப்படிச் சொல்வதால் மாத்திரையே வேண்டாம் என்று நான் வாதாடுவதாகக் கொள்ள வேண்டாம். டி4 குறைந்து டி.எஸ்.எச். வெகுவாக ஏறிய ஒருவருக்குத் தைராக்சினுக்கு மாற்று இல்லை. அதை எடுக்காமல் விட்டால் கொழுப்பு ஏறும், மாதவிலக்கு குழம்பும், கருத்தரிப்பது தள்ளிப்போகும், மனச்சோர்வு பிடிக்கும், முற்றிய நிலையில் நினைவிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த நோயால் வரும் மந்தத்தைச் சோம்பேறித்தனம் என்று மாமியாரும் கணவரும் திட்டித்தீர்த்த வீடுகளை நான் அறிவேன். பெண் பார்க்க வரும் நாளில் மாத்திரை டப்பாவைப் பீரோவுக்குள் ஒளித்து வைத்த வீடுகளையும் அறிவேன். வேண்டியவருக்கு மாத்திரை போய்ச்சேராததும், வேண்டாதவருக்கு ஆயுள் முழுக்க எழுதப்படுவதும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் நடக்கின்றன. தேவைக்கு மேல் தைராக்சின் சேரும் முதியவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு எலும்பு தேய்வதும் மருத்துவ நூல்கள் எச்சரிக்கும் விளைவுகளே.

மாத்திரை தேவை என்று முடிவான பிறகும் சொல்ல வேண்டியவை மிச்சமிருக்கின்றன. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரைமணி நேரம், இயன்றால் ஒரு மணி நேரம், வேறு எதுவும் உட்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதில், காப்பியும் ‘வேறு எதுவும்’ என்பதில் அடங்கும் என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. விடிந்ததும் காப்பி குடிக்காமல் அடுப்படிக்குள் நுழையாத நம் பெண்கள், மாத்திரையைக் காப்பியோடு போட்டுக்கொள்வது மிகச் சாதாரணம். காப்பி தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்பதை இத்தாலிய மருத்துவர்கள் 2008-லேயே எழுதியிருக்கிறார்கள். காப்பியோடு விழுங்கினால் டி.எஸ்.எச். இறங்காது, இறங்கவில்லை என்பதால் அளவு கூட்டப்படும், பிறகு ஏதோ ஒரு மாதம் அவர் சரியாகச் சாப்பிடத் தொடங்கினால் படபடப்பும் தூக்கமின்மையும் வந்துசேரும். காலையில் இப்படிக் காத்திருக்க முடியாதவர், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்முன் எடுத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் இரவு மாத்திரை காலை மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தது. ஒரு பள்ளி ஆசிரியைக்கோ பஞ்சாலையில் முதல் ஷிப்டுக்குப் போகிறவருக்கோ இந்தத் தெரிவு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை எண்ணிப் பாருங்கள். என் தங்கைக்கு இப்படி ஒரு வழி இருப்பதைச் சொன்னவர், மாத்திரை எழுதிய மருத்துவர் அல்லர், மருந்துக்கடைக்காரர்.

மாத்திரையின் அளவை மாற்றினால் அதன் பலன் ரத்தத்தில் நிலைபெற ஆறு வாரமாவது ஆகும். அதற்குமுன் சோதனை எடுப்பது காசுக்குக் கேடு. ஒரு நாள் மறந்துவிட்டால் அச்சப்படத் தேவையில்லை, ஏனெனில் தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். இன்னொன்று, இளம்பெண்கள் கவனிக்க வேண்டியது: தைராய்டால் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பயோட்டின், சில ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு இதுபற்றி 2017-இல் எச்சரிக்கையே வெளியிட்டது. சோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தும்படி ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு பலகை எழுதி வைத்தால் போதும்.

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை தங்கள் துறையின் கையிலேயே கருவி இருக்கிறது. கருவின் தைராய்டு வேலை செய்யத் தொடங்கும்வரை, அதாவது ஏறத்தாழ முதல் மூன்று மாதம், குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனே ஆதாரம். ஏற்கெனவே தைராக்சின் எடுக்கும் பெண், கர்ப்பம் உறுதியானவுடன் அளவைக் கால் பங்குக்கும் சற்றுக் கூடுதலாக உயர்த்த வேண்டியிருக்கும். வாரத்துக்கு இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொண்டு உடனே மருத்துவரைப் பாருங்கள் என்பதே அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் அறிவுரை. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியைப் பதிவு செய்யும் அன்றே இதைச் சொல்லிவிட முடியும். அவரே இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தருகிறார். இரண்டுமே தைராக்சினை உடலில் சேரவிடாதவை, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் தைராக்சின், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்புச்சத்து, இரவில் கால்சியம் என்று ஒரு கால அட்டவணையைத் தாய்–சேய் நல அட்டையிலேயே அச்சிட்டுவிட்டால், அது எத்தனையோ வீடுகளில் மூன்று மாத்திரையையும் ஒன்றாக உள்ளங்கையில் கொட்டி விழுங்கும் வழக்கத்தை நிறுத்தும்.

பிறக்கும்போதே தைராய்டு இல்லாத அல்லது சுரக்காத குழந்தை, நம் நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய ஒன்று. பிறந்து சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து வளரும். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும், பிறகு எந்த மருந்தாலும் மீட்க முடியாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1970-களிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை தொடங்கிவிட்டது. அண்டை மாநிலமான கேரளம் அரசு மருத்துவமனைகளில் செய்துவருகிறது. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையிலேயே நடக்கும் தமிழ்நாட்டில், ஒரு குழந்தைகூட விடுபடாமல் இச்சோதனை நடப்பதைத் துறை உறுதிசெய்ய வேண்டும். இங்கு எடைபோட்டுப் பார்க்க எதுவுமில்லை.

எடைபோட்டுப் பார்க்க உண்மையிலேயே நிறைய இருப்பது, எனக்கு வந்த கிரேவ்ஸ் நோயில். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தூண்டிவிட, சுரப்பு கட்டுக்கடங்காமல் போகும் நோய் இது. நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு விழி பிதுங்கும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றும் உலகெங்கும் ஏற்கப்பட்டவை. மூன்றில் எதுவும் எல்லோருக்கும் சிறந்தது அன்று.

முதல் வழி கார்பிமசோல் போன்ற மாத்திரைகள். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம்வரை எடுக்க வேண்டும். சுரப்பி கெடாமல் தப்பும் ஒரே வழி இதுதான். ஆனால் நிறுத்திய பிறகு ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய் திரும்பிவிடுகிறது. அரிதாகச் சிலருக்கு வெள்ளையணுக்கள் திடீரென்று சரிந்துவிடும். காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் கார்பிமசோல் எழுதக் கூடாது. எனக்கு அது சொல்லப்படவில்லை. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கார்பிமசோல் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால் புரோப்பைல்தயோயூராசில் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும். இதுவும் மணமான இளம்பெண்ணிடம் முன்கூட்டியே பேச வேண்டிய செய்தி.

இரண்டாவது வழி கதிரியக்க அயோடின். 1941-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கிய இம்முறையில், அயோடினை இழுத்துக்கொள்ளும் தைராய்டின் குணத்தையே பயன்படுத்தி, ஒரு மிடறு மருந்திலோ ஒரு குளிகையிலோ சுரப்பியின் திசுக்களை அழிக்கிறார்கள். மிகைச் சுரப்புக்குத் தரும் அளவுக்குப் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை, கத்தி இல்லை, செலவும் குறைவு. ஆனால் பெரும்பாலோருக்குப் பிறகு தைராய்டு குறைந்து, ஆயுள் முழுக்கத் தைராக்சின் தேவைப்படும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கூடவே கூடாது. சிகிச்சைக்குப் பின் ஆறு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கண் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவருக்கு, குறிப்பாகப் புகைப்பவருக்கு, அது மோசமாகலாம். மருந்து குடித்த சில நாள்கள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். ஓர் அறை வீட்டில் பேரப்பிள்ளைகளோடு படுத்துறங்கும் பாட்டிக்கும், நெரிசலான பேருந்தில் நான்கு மணி நேரம் பயணித்து ஊர் திரும்ப வேண்டியவருக்கும் இது எப்படிச் சாத்தியம் என்று முன்பே கேட்டுத் திட்டமிட வேண்டும்.

மூன்றாவது வழி அறுவைச் சிகிச்சை. நோய் உடனடியாகத் தீரும், கழலை பெரிதாக இருந்தால் அதுவும் போகும், விரைவில் கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்குப் பொருந்தும். குரல் நரம்புக்கும், கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் சேதம் வரும் வாய்ப்பு, அறுவை செய்பவர் இதை எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்பதைப் பொறுத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கெனத் தனித் துறையே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பப்படும் உரிமை தனக்கு உண்டு என்பது வெளி மாவட்ட நோயாளிக்குத் தெரிவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருந்தாலும், அதைக்கொண்டு எங்கே போகலாம் என்று வழிகாட்ட ஆள் இல்லாததால் அருகில் இருக்கும் இடத்தில் கழுத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

என் விஷயத்தில் மாத்திரை முடிந்து நோய் திரும்பிவந்தபோது, ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் தோளை இடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ‘அயோடின் குடித்துவிடுங்கள், சரியாகிவிடும்’ என்று சொன்னார்கள். குடித்தேன், மிகைச் சுரப்பு சரியாகத்தான் ஆனது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட, கண் பாதிப்பு இல்லாத, புகைப் பழக்கம் இல்லாத எனக்கு அது பொருத்தமான சிகிச்சை என்பதைப் பின்னர் படித்தும் கேட்டும் உணர்ந்தேன். மூன்று வழிகளையும் என் முன் விரித்து வைத்திருந்தாலும் அதையே தேர்ந்தெடுத்திருப்பேன். இனி ஆயுளுக்கும் தைராக்சின் என்பதை மட்டும் சில மாதம் கழித்து, முகம் வீங்கி, குரல் தடித்துப் போய் நின்றபோது ஒரு செவிலியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சிகிச்சையில் எனக்குக் குறையில்லை. அதை என்னோடு பேசி முடிவுசெய்யவில்லை என்பதே குறை. என்னிடத்தில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தால், அதே ஒரு வரி அறிவுரை அவளுடைய குடும்பத் திட்டத்தையே புரட்டிப் போட்டிருக்கும்.

கழுத்துக் கட்டியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் துறை செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியதே அதிகம். தென்கொரியாவில் உடல் பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக்கொண்டதால், 1993-ஐ ஒப்பிட 2011-இல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கானது. இறப்போ மாறவே இல்லை. தீங்கு செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்தார்கள். ஜப்பானின் கோபே நகரில் உள்ள கூமா மருத்துவமனை 1993 முதலே மிகச் சிறிய கட்டிகளை அறுக்காமல் கண்காணித்து வருகிறது. இங்கும் தனியார் முழு உடல் பரிசோதனைப் பட்டியல்களில் கழுத்து ஸ்கேன் புகுந்துவிட்டது. அரசு முகாம்களில் அது வேண்டாம். தொட்டால் தெரியும் கட்டி உள்ளவருக்கு ஸ்கேனும், தேவையானால் ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதும் போதும். புற்றுநோய் என்று உறுதியானாலும், சிறிய கட்டியாக இருந்து வேறெங்கும் பரவவில்லையெனில், சுரப்பியில் பாதியை மட்டும் எடுத்தால் போதுமா என்று கேட்கும் இடம் நோயாளிக்கு உண்டு. என் அண்ணன் மகள் அப்படிக் கேட்டாள். இன்று பாதிச் சுரப்பியோடு, மாத்திரை இல்லாமல் இருக்கிறாள்.

தங்கள் துறையின் கீழேயே இந்திய மருத்துவ முறைகளும் வருவதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘தைராய்டை வேரோடு நீக்குகிறோம், ஆங்கில மருந்தை நிறுத்துங்கள்’ என்ற விளம்பரம் யூடியூபிலும் உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் நாள் தவறாமல் வருகிறது. கழுத்துக் கழலையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. அதன் அட்டவணையில் அந்நோய் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, மூட்டு வலிக்கு அதைத்தான் நாடுகிறேன். ஆனால் சுரப்பியை அறுத்தெடுத்தவரும், அயோடினால் அழித்தவரும் தைராக்சினை நிறுத்தினால் அந்த ஹார்மோன் உடலுக்கு வேறு எங்கிருந்தும் வராது. இதை அலோபதி மருத்துவர் சொன்னால் போட்டி மனப்பான்மை என்பார்கள். அரசு சித்த மருத்துவர்களே கையொப்பமிட்டு ஓர் அறிவிப்பு வெளியிட்டால் மக்கள் கேட்பார்கள்.

உணவு பற்றிய பேச்சும் இதே கணக்கில்தான் போகிறது. முட்டைகோஸைத் தொடாதே, காலிஃபிளவரைத் தொடாதே என்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் மரவள்ளிக்கிழங்கையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால், அயோடின் குறையில்லாதவருக்கு இவற்றால் கெடுதி இல்லை. கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. உப்பு உற்பத்தியில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் தமிழ்நாடு, 2018–19 கணக்கெடுப்பில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விழுக்காட்டில் கடைசி இடத்தில் இருந்தது. ஏறத்தாழ 62 விழுக்காடுதான். இப்போது இந்துப்பு மோகம் வேறு. அயோடின் சேர்க்காத இந்துப்பை உடம்புக்கு நல்லது என்று கர்ப்பிணிக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். அதே வேளையில், வந்துவிட்ட தைராய்டு நோயை அயோடின் மாத்திரையாலோ கடற்பாசித் தூளாலோ தீர்க்க முடியாது, சிலருக்கு மோசமாகவும் கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தைராக்சின், 12.5 முதல் 150 மைக்ரோகிராம் வரையிலான அளவுகளில், 2022-இன் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. அதை வீடு தேடி வரும் மாத்திரைகளோடு சேர்த்துவிடுங்கள். 25, 50, 100 என்ற மூன்று அளவுகளாவது எப்போதும் இருப்பில் இருக்கட்டும், கத்திரி வெயில் காலத்தில் தகரக் கூரைக் கிடங்கில் கிடந்து வீரியம் குறையாமல் காக்கப்படட்டும். ஆனால் அந்தப் பட்டியலில் ஒருவரைச் சேர்க்கும் முன், அவசரம் இல்லாதவருக்கு இரண்டாவது சோதனை ஒன்று, டி4 அளவோடு சேர்த்து, எடுக்கப்பட வேண்டும் என்ற நெறி வேண்டும். ஏற்கெனவே எல்லைக்கோட்டு நிலையில் மாத்திரை எடுத்துவரும் முதியவர்களுக்கு, தொடர வேண்டுமா, அளவைக் குறைக்கலாமா என்று பார்க்கும் மறுஆய்வும் வேண்டும். வட்ட மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாள் பிற்பகலைத் தைராய்டுக்கென ஒதுக்குங்கள். மருத்துவருக்கு நேரமில்லையென்றால் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் உட்கார்ந்து பேசினாலும் போதும். கிரேவ்ஸ் நோயாளியின் சீட்டில், மூன்று வழிகளும் விளக்கப்பட்டன, நோயாளி இன்னதைத் தேர்ந்தார், இன்ன காரணத்தால் என்று மூன்று வரி எழுதப்பட வேண்டும். மாத்திரை எப்படிச் சாப்பிடுவது, எதனோடு சாப்பிடக் கூடாது, எப்போது மறுசோதனை, எந்த அறிகுறிக்கு ஓடி வருவது என்பதைப் பெரிய எழுத்தில் சொல்லும் தமிழ்த் தாள் ஒன்று மாத்திரையோடு கையில் கொடுக்கப்பட வேண்டும்.

அந்தத் தாளின் வரைவை எங்கள் பகுதி நோயாளிகள் சிலர் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறோம். எழுத்துப் பிழையைத் திருத்த நான் இருக்கிறேன். மருத்துவப் பிழையைத் திருத்தித் தர, நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரைத் தங்கள் துறை நியமித்தால், அடுத்த மே 25, உலகத் தைராய்டு நாளுக்குள் அதை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்பிவிட முடியும். எந்த அலுவலரை அணுக வேண்டும் என்று தெரிவிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தைராய்டு நோயாளியான ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாமக்கல் மாவட்டம்.